வத்தல் கிட்டங்கிக்கு ஒரு ஸ்வெட்டர்

இப்போது என் ஊசியில் ஏறியிருப்பது ஒரு குட்டிச் சட்டை. இளமஞ்சள் பருத்தி நூல். முதுகு முடிந்துவிட்டது, முன்பக்கம் நெஞ்சுவரை வந்திருக்கிறது, கைகள் பாக்கி. இது தவிரப் பாதியில் கிடக்கிற வேலைகளும் உண்டு. வெந்நீர் பிளாஸ்குக்கு இன்னொரு உறை. அடி மட்டும் முடிந்த வெங்காயப் பை. ஒற்றைக் காலுறை. காலுறைக்கு ஜோடி பின்னுகிற எண்ணம் எனக்கு இல்லை. சித்திரை வெயிலில் கோவில்பட்டியில் எவன் காலுறை போடுவான்? குதிகால் எப்படித் திரும்புகிறது என்று பார்க்க ஆசைப்பட்டுத் தொடங்கினேன். திரும்பியது. பார்த்துவிட்டேன். அவ்வளவுதான்.

எனக்குப் பின்னத் தெரியும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. சிகரெட்டை விட்டபோது வந்த பழக்கம் இது. தீப்பெட்டி ஊரில் பிறந்துவிட்டுத் தீக்குச்சியோடு உறவை முறித்துக்கொள்வது லேசான காரியமா? வாய் மறந்துவிட்டது, விரல்கள் மறக்கவில்லை. மேசையைத் தட்டின, சட்டைப் பொத்தானைத் திருகின, பேருந்தில் முன்னிருக்கைக் கம்பியைச் சுரண்டின. அப்போதுதான் கைபேசியில் ஒரு பெண்ணின் கைகளைப் பார்த்தேன். முகம் தெரியவில்லை, பேசியது எந்த மொழி என்றும் தெரியவில்லை. இரண்டு ஊசிகள், ஒரு நூல், நிற்காத பத்து விரல்கள். மறுநாள் சைக்கிள் கடையில் இரண்டு கம்பிகள் வாங்கி, சிமெண்டுத் தரையில் முனை தேய்த்து உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கம்பிகள் போய் இப்போது நல்ல மூங்கில் ஊசிகள் வந்துவிட்டன. தீக்குச்சியை மட்டும் நான் முழுக்கக் கைவிடவில்லை. எந்த வரியில் நிறுத்தினேன் என்று அடையாளம் வைக்க, மருந்து முக்காத வெறுங்குச்சி ஒன்றைத்தான் பின்னலுக்குள் செருகி வைக்கிறேன்.

இந்த மஞ்சள் சட்டை யாருக்கு என்று சொல்வதற்கு முன்னால், கத்திரிப்பூ நிற ஸ்வெட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு விளாத்திகுளத்தில் அலுவலகம். காலையில் ஒரு பேருந்து, மாலையில் ஒரு பேருந்து. பக்கத்து இருக்கை நண்பர் வழியிலிருக்கிற ஒரு வத்தல் கிட்டங்கியில் மேலாளர். குளிரூட்டிய கிட்டங்கி அது. மாசியிலும் பங்குனியிலும் கரிசல் காட்டில் காய்ந்து வருகிற மிளகாய் வத்தல், நிறம் மங்காமல், வண்டு விழாமல், விலை ஏறுகிறவரை மூட்டை மூட்டையாக அங்கே குளிரில் தூங்கும். வெளியே தார் உருகுகிற நாளிலும் நண்பரின் பையில் ஒரு மங்கி குல்லா இருக்கும். அதைப் பார்த்து நான் சிரிப்பேன். என் ஊசியைப் பார்த்து அவர் சிரிப்பார்.

"என்ன அண்ணாச்சி, வலையா பின்னுதீங்க? இந்தக் கரிசல்ல மீனு எங்கன கெடக்கு?"

"மீனு வந்தபெறகு வலை இல்லன்னு எங்கிட்ட வந்து நிக்கப்பிடாதுல்லா, அதான்."

நடத்துநர் தன் பங்குக்கு வருவார். "ஊசியக் கொஞ்சம் அடக்கிப் பிடிங்க அண்ணாச்சி. பிரேக் போட்டா எவன் வயித்துலயாவது நீங்க டிக்கெட்டு கிழிச்சிருவீங்க."

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஆடி மாதக் காலையில், கனடாவிலிருந்து மகள் கூப்பிட்டாள். உண்டாகியிருக்கிறாள். தையில் பிள்ளை பிறக்கும். மருமகனுக்கு மாறி மாறி ஷிப்டு வேலை, வீட்டில் வேறு ஆள் இல்லை, அம்மா மார்கழியிலேயே வந்துவிட வேண்டும். என் மனைவி சந்தோஷத்தில் அடுப்பை அணைக்க மறந்து, பால் பொங்கி ஊற்றி, அந்தக் கருகல் வாசத்தோடே கேட்டாள்: "தையில அங்கன எப்பிடி இருக்கும்?"

மகள் போன வருஷப் படம் ஒன்றை அனுப்பினாள். வீட்டு வாசலில் ஒரு வெள்ளை மேடு. அதற்குள் அவர்களுடைய கார் இருக்கிறதாம்.

மனைவி படத்தை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "நான் வரல."

"யம்மா, வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடும்மா. சாதாரணமா இருக்கலாம்."

"ஹீட்டர் நின்னுட்டா?"

"நிக்காதும்மா."

"கரண்டு நிக்காத ஊரு ஒண்ணு இருக்காட்டி? யாருகிட்ட கதை விடுத?"

அவள் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை கொடைக்கானல் போனோம். போன அன்று சாயங்கால வண்டியிலேயே திரும்பிவிட்டோம். அவளுக்கு அவ்வளவு நடுக்கம். அதற்குப் பிறகு குளிர் என்றால் அவளுக்கு மார்கழி அதிகாலையில் தலையில் கட்டுகிற துண்டு, அந்த அளவுதான்.

மகள் தினமும் கூப்பிட்டாள். கெஞ்சினாள், கோபப்பட்டாள், ஒருநாள் ஒன்றுமே பேசாமல் திரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பேசாத முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "நான் ஒனக்கு ஸ்வெட்டர் பின்னித் தாரேன்" என்றேன் மனைவியிடம். "அந்தக் குளுரு ஒன்ன என்ன செய்யுதுன்னு பாத்துருவோம்."

"பிளாஸ்குக்கே சட்டை போட்ட ஆளுல்லா. எனக்குப் போட மாட்டீங்களா?" என்றாள். பிறகு நிஜமாகவே யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தாள். "போட்டுக்கிட்டுக் குளுருல நின்னு பாப்பேன். தாங்குச்சுன்னா போறேன். தாங்கலன்னா, அப்புறம் டிக்கெட்டு பேச்சே எடுக்கப்பிடாது."

குளிருக்கு எங்கே போவது? சோளமும் பருத்தியும் போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிற சீமை இது. பேருந்தில் இதைச் சொல்லிப் புலம்பினேன். நண்பர் மங்கி குல்லாவை எடுத்து என் மடியில் போட்டார். "குளுருதான வேணும்? நம்ம கிட்டங்கிக்கு மதினிய கூட்டிக்கிட்டு வாங்க. வேண்டிய மட்டும் கெடக்கு."

கடைத்தெருவில் பாய் கடைக்கு இருவரும் போனோம். தையல் நூல், பொத்தான், ஜரிகை விற்கிற கடை. கத்திரிப்பூ நிறத்தை மனைவிதான் தேர்ந்தெடுத்தாள். "அக்கா, இந்த உல்லன் நூலு இங்கன தொட்டில்ல தொங்கவிடுத கிளி செய்யத்தான் போவும்" என்றார் பாய். "அண்ணாச்சி கேக்குத கணக்குக்கு ஆயிரம் கிளி செய்யலாம்."

"ஒரே கிளிதான் பாய்," என்றேன். "கொஞ்சம் பெரிய கிளி."

மனைவி என் முழங்கையில் இடித்தாள்.

தொடங்கினேன். நான் பெருமையோடு சொல்கிறேன், அதுவரை நான் பின்னியதிலேயே அழகான பொருள் அது. அலமாரியிலிருந்து அவளுடைய அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டேன். டெய்லரிடம் புது ரவிக்கைக்குக் கொடுத்தனுப்புகிற ஜாக்கெட், உடம்பைப் பிடித்தது போல இருக்கும். அதே அளவில் ஊசியில் நூல் கண்ணிகளை ஏற்றினேன். பேருந்தின் ஆட்டத்துக்கு ஏற்ப என் விரல்கள் ஓடின. ஆவணியில் முதுகு, புரட்டாசி பிறக்கும்போது கழுத்து. முதுகின் குறுக்கே ஒரு கொடி ஓடவிட்டேன். நூலை ஊசியில் ஒருமுறை சுற்றி, அடுத்த இரண்டு கண்ணிகளை ஒன்றாகப் பிடித்தால் ஓர் ஓட்டை விழும். ஓட்டைகளை வரிசையாக விட்டால் இலை, பூ என்று எதை வேண்டுமானாலும் வரையலாம். அக்குள் பக்கம் இன்னும் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். வேர்க்குமே!

ஆமாம். அப்படித்தான் நினைத்தேன். துணி என்று ஒன்றைக் கையில் எடுத்தால் எங்கள் ஊர்க்காரனுக்கு முதலில் வருகிற எண்ணம், உள்ளே காற்றுப் போகுமா என்பதுதான். முழங்கையில் வழிகிற வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஸ்வெட்டர் பின்னியவனுக்கு வேறென்ன தோன்றும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் கிட்டங்கிக்குப் போனோம். வாசலில் வெயில் ஆளைத் தள்ளியது. உள்வராந்தாவில் பெண்கள் உட்கார்ந்து வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். மனைவி ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "சேலைக்கு மேல போடணுமா, உள்ள போடணுமா?" எனக்கு அது தோன்றவே இல்லை. உள்ளே போடலாம் என்றால் ரவிக்கைக்கு மேல் ரவிக்கையாக இறுக்கியது. மேலே போட்டால் முந்தானைக்கு இடமில்லை. அப்படியும் இப்படியுமாக ஏற்றிக்கொண்டு, நண்பர் கதவைத் திறக்க, உள்ளே போனாள்.

கனமான கதவு. அதன் அடியிலிருந்து வெள்ளையாகப் புகை புரண்டு வந்தது. உள்ளே அடுக்கடுக்காக மூட்டைகள், காரமே குளிர்ந்துபோன ஒரு வாசம். நான் அவள் பின்னாலேயே போனேன். அவள் நாலு அடி வைத்திருக்க மாட்டாள்.

"ஏங்க, கைக்கு அடியில ஐஸ வச்சு அமுக்குத மாதிரி இருக்குங்க."

நண்பர் அவள் முதுகைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவர் பார்க்கிற கொத்தனார் மாதிரி பார்த்தார். "அண்ணாச்சி, இது என்ன, சன்னல் வச்சுல்லா கட்டியிருக்கீங்க!"

வராந்தாப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "பொண்டாட்டிக்கு வேர்க்கப்பிடாதுன்னு வச்சிருக்காவ. நீங்க ஏன் அவியளச் சொல்லுதீங்க?"

நானும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. வெளியே வந்து வெயிலில் நின்று, விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள். ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தாள். "அழகாத்தான் இருக்கு. நான் போகல."

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தரிக்கோலை எடுத்தேன். கழுத்துப் பக்கத்தில் முடிச்சை வெட்டி, நூலைப் பிடித்து இழுத்தேன். பின்னலைப் பிரிக்கிற சத்தம் ஒன்று உண்டு, மணலில் மழை தொடங்குகிற மாதிரி. அதைக் கேட்டு அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"என்ன செய்யுதீங்க? இவ்வளவு பாடுபட்டுப் பின்னினதையா?"

"நூலு அப்பிடியே இருக்குல்லா. நூலு இருந்தா ஸ்வெட்டர் இருக்குன்னுதான் அர்த்தம். இந்த முனையப் பிடி."

பிடித்தாள். நான் பிரிக்கப் பிரிக்க, எதிரில் உட்கார்ந்து அவள் உருண்டை சுற்றினாள். கொடி போனது, இலை போனது. உருண்டை தேங்காய் அளவுக்கு வந்தபோது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு நடுங்குதது ஒண்ணும் பெருசில்லங்க. அன்னைக்குக் கொடைக்கானல்ல பிள்ளைக்கு ஷூ கயிறு அவுந்துபோச்சு. குனிஞ்சு கட்டப் போனா, கை எனக்குக் கேக்கல. கயிறத் தொடுதேன், தொட்டதே தெரியல. ஏதோ அடுத்தவ கை மாதிரி கெடக்கு." உருண்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "அவ பிள்ளையப் பெத்து எங்கையில தாரா. கை கேக்காம நான் கீழ போட்டுட்டேன்னா?"

இத்தனை வருஷம் அவள் முதுகு நடுங்கியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குத்தான் பின்னியும் வைத்திருந்தேன். கைகளாலேயே நடக்கிற பொழுதுபோக்கைப் பிடித்தவன், அவள் கைகளைக் கவனிக்கவில்லை.

அவள் நூலைச் சுற்றும்போதே என் தலைக்குள் அடுத்த ஸ்வெட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது.

பிரித்த நூல் சுருள் சுருளாக நிற்கும், பின்னல் அவிழ்த்த தலைமுடி மாதிரி. அதை நனைத்து, கட்டாகக் கட்டி, கொடியில் தொங்கவிட்டு, நுனியில் ஒரு செம்பைக் கட்டிவிட வேண்டும். இழுபட்டு நேராகிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் நாள்கணக்கில் காத்திருப்பார்களாம். எங்கள் ஊர்க் காற்று ஒரு மத்தியானத்தில் முடித்துக் கையில் கொடுத்தது.

இந்த முறை அளவு ஜாக்கெட் அலமாரியிலேயே இருந்தது. அவளுக்கு ரவிக்கை, அதன்மேல் என் முழுக்கைச் சட்டை, அதன்மேல் சுற்றிய முந்தானை, இப்படி நிற்கவைத்து ஒரு சணல் கயிற்றால் சுற்றளவு எடுத்தேன். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "சோளக்கொல்லப் பொம்ம" என்றாள். "அந்தப் பொம்மைக்குக் குளுராது" என்றேன். பற்றாத நூலைப் பாய் கடையில் வாங்கிச் சேர்த்து, முன்பைவிட மெல்லிய ஊசி எடுத்தேன். கண்ணிகளை நெருக்கிப் பிடித்தேன், கம்பளம் போல.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கோடையில் வாய் பிளந்து கிடந்த கரிசல், ஈரம் பட்டதும் ஊதி, வெடிப்புகளைத் தானே மூடிக்கொண்டது. பேருந்து சன்னலில் அதைப் பார்த்துக்கொண்டே, மடியில் நானும் மூடிக்கொண்டே போனேன். செருப்பில் கட்டி கட்டியாக மண். விரலில் கத்திரிப்பூ நிறத்து நூல். மகள் அழைக்கும்போதெல்லாம், "இப்ப எங்கப்பா இருக்கு?" என்பாள். "தோளத் தாண்டிட்டேன்" என்பேன். "இன்னைக்கு முழங்கை." மருத்துவமனையில் அவளுக்கு என்ன சொன்னார்கள் என்று நான் கேட்பதும், கை எதுவரை வந்திருக்கிறது என்று அவள் கேட்பதும் ஒரே குரலில் இருந்தன.

கைகளை மணிக்கட்டில் நிறுத்தவில்லை. உள்ளங்கையைத் தாண்டி, விரல்களின் முதல் மடிப்புவரை இறக்கினேன். அந்த ஸ்வெட்டர் முழுவதிலும் நான் வேண்டுமென்று விட்ட ஓட்டைகள் இரண்டே. கட்டைவிரல் வெளியே வர, கைக்கு ஒன்று.

கார்த்திகையில் மறுபடியும் கிட்டங்கி. அதே பெண்கள், அதே கதவு. "சன்னல அடச்சிட்டாவளா?" என்று ஒருத்தி கேட்டாள். மனைவி முந்தானையைச் சுற்றிச் செருகி, ஸ்வெட்டரை மேலே போட்டு, கட்டைவிரல்களை ஓட்டைகளில் நுழைத்தாள். பிறகு நண்பரிடம் திரும்பி, நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒரு பிள்ள கனத்துக்கு வத்தல் கட்டித் தாங்க."

நண்பர் என்னைப் பார்த்தார். வராந்தாப் பெண்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒருத்தி எழுந்து துண்டை விரித்தாள். "மூணு கிலோ போடுங்கட்டி. பேரப்பிள்ள கொழுகொழுன்னு இருக்கட்டும்." காம்பு கிள்ளாத வத்தலைத் தராசில் நிறுத்துக் கட்டினார்கள். வத்தல் என்ன கனமா? மூன்று கிலோவுக்குத் தலையணையைவிடப் பெரிய மூட்டை வந்தது.

"ஏக்கா, இது ரெட்டப் பிள்ளல்லா!"

சிரிப்புக்கு நடுவில் அவள் அதைக் கவனமாக வாங்கினாள். தலைமாடு எது என்று அவளே முடிவு செய்து, அந்தப் பக்கத்தை முழங்கை மடிப்பில் தாங்கி, உள்ளே போனாள். நானும் போனேன். எனக்கு அரைக்கைச் சட்டை. ஊருக்கெல்லாம் பின்னியவன் எனக்கென்று ஒன்றும் பின்னிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் என் பல் அடித்துக்கொண்ட சத்தம் அவளுக்கே கேட்டுவிட்டது.

"நீங்க வெளிய போயி வெயில்ல நில்லுங்க. பிள்ள முழிச்சுக்கிடப் போவுது."

வெளியே வந்து நின்றேன். நண்பர் தேநீர் வாங்கி வந்தார். குடித்தேன். அவள் வரவில்லை. ஒரு லாரி வந்து மூட்டை இறக்கிவிட்டுப் போனது. அவள் வரவில்லை. கதவை லேசாகத் திறந்து பார்த்தேன்.

மூட்டை அடுக்குகளுக்கு நடுவே போகிற பாதையில், மங்கலான குழல்விளக்கின் கீழ், நடந்துகொண்டிருந்தாள். கடைசிவரை போய்த் திரும்பி வந்தாள். வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி. ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், பாட்டா பேச்சா என்று தெரியவில்லை. துண்டு மூட்டையின் முதுகை ஒரு கை தட்டிக்கொண்டே இருந்தது, அது அழுவது போலவும் அவள் சமாதானப்படுத்துவது போலவும்.

என்னைப் பார்த்ததும் வாசல் பக்கம் வந்தாள். மூட்டையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையால் துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். கூழாங்கல் மாதிரி இறுகிய முடிச்சு அது. அவிழ்ந்தது. உள்ளே விரல் விட்டு, ஒரே ஒரு வத்தலைக் காம்பு ஒடியாமல் இரண்டு விரல்களால் தூக்கி, என் உள்ளங்கையில் வைத்தாள்.

"கை கேக்குதுங்க."

அந்த வத்தல் இன்னும் என் நூல் பையில் கிடக்கிறது. மார்கழியில் அவளை விமானம் ஏற்றினோம். தூத்துக்குடியிலிருந்து சென்னை, அங்கிருந்து உலகத்தின் மறுபக்கம். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்க மறுத்து, வேர்க்க வேர்க்க இடுப்பில் கட்டிக்கொண்டே போனாள்.

தையில் பேத்தி பிறந்தாள். கைபேசியில் முதலில் தெரிந்தது முகம் அல்ல, கத்திரிப்பூ நிறத்தில் இரண்டு கைகள். ஓட்டைக்கு வெளியே வந்த கட்டைவிரலைப் பேத்தி முழுக் கையாலும் பிடித்திருந்தாள். அந்தக் கைகளை நான் முன்பே ஒரு முறை இப்படிப் பார்த்திருக்கிறேன், துண்டு மூட்டையோடு. அதனால் எனக்குப் பயமே இல்லை.

"அப்பா, எத்தன தடவ தொவச்சாலும் அம்மா ஸ்வெட்டர்ல வத்தல் வாசம் போவல" என்று மகள் சிரித்தாள். "பிள்ள பக்கத்துல போனாலே தும்முதா."

"தும்மட்டும்" என்றது மனைவியின் குரல். "ஊருக்கு வாரதுக்குள்ள பழகிரும்."

அவர்கள் வைகாசியில் வருகிறார்கள், மூன்று பேருமாக. மஞ்சள் சட்டை அதற்குத்தான். நேற்று அதைக் கைபேசிக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். மனைவி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"கைக்கு அடியில சன்னல் வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் பெருசா வைங்க. பிள்ளைக்கு வேர்க்கும்லா."